தீராத அசதியும் வீட்டு மருந்தும்



நலம் விசாரிக்கச் செல்லும் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "நோய் நொடி ஒண்ணும் இல்லை சாமி, என்னமோ அசதிதான்." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் அவ்வீட்டின் தாய். காய்ச்சல் கண்டால் வீட்டார் பதறுவர். அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவர். அசதிக்காக எவரும் ஓடுவதில்லை. உழைப்பவருக்கு அசதி இயல்பு, வயதானவருக்கு இயல்பு, பிள்ளை பெற்றவளுக்கு இயல்பு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிறகு யாரோ சொன்ன ஒரு மூலிகையையோ, சந்தையில் வாங்கிய ஒரு லேகியத்தையோ உண்டு மாதங்களைக் கழிக்கிறோம்.

அசதிக்கு எந்த மூலிகை நல்லது என்று நம்மிடம் கேட்போர் பலர். அவ்வினாவுக்கு இம்மாதம் விடை கூற விழைகிறோம். நம் நாட்டு மூலிகைகளின்மேல் நமக்குப் பெருமதிப்பு உண்டு. அம்மதிப்பின் காரணமாகவே ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் அசதி என்பது ஒரு தனி நோயன்று. உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றின் அறிவிப்பு. நள்ளிரவில் வாசலில் நாய் விடாமல் குரைக்கிறது. அதற்கு ஒரு பிடி சோற்றைப் போட்டு அடக்கிவிட்டு உறங்கப் போகிறவன் அறிவாளி ஆவானா? விளக்கை ஏற்றிக்கொண்டு, வந்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும் அன்றோ?

முன்னோர் காட்டிய வழி

இது மேனாட்டு மருத்துவம் கற்பித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை பேசுவது உணவைப் பற்றி: முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பது பற்றி. அதன் பின்னரே வள்ளுவர் மருத்துவனிடம் வருகிறார். நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, அதன் பிறகே மருந்து கொடுக்கச் சொல்கிறார்.

நம் சித்த மருத்துவமும் அவ்வாறே. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகைத் தேர்வுகளை வகுத்து, அவற்றால் நோயைக் கணித்த பின்னரே வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறப்பார். கடைத்தெருவில் புட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து லேகியம் வாங்குபவருக்கு, அவ்வெட்டில் ஒரு தேர்வையேனும் செய்தவர் யார்? அது சித்த மருத்துவத்தைப் பின்பற்றுவது ஆகாது. அதன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலான பாதியை விட்டுவிடுவதாகும்.

மற்றொன்றும் கருதத் தக்கது. உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, கை கால் ஓயும் நிலையைச் சித்தர்கள் 'பாண்டு' என்றனர். அதற்குக் கரிசலாங்கண்ணியோடு அயச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் ஆகியவற்றையும் வழங்கினர். அயம் என்பது இரும்பு. அன்னபேதி என்பது இரும்பின் ஓர் உப்பு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் இருப்பதும் இரும்பின் உப்பே. ஆகவே "நாங்கள் நாட்டு மருந்துக்காரர்கள், இரும்பு மாத்திரை எங்களுக்கு ஆகாது" என்று சொல்வோர், தம் பாட்டனாரின் மருத்துவத்தையே அறியாமல் மறுக்கிறார்கள். விவிலியத்தில் சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரமும் மண்ணில் விளையும் மருந்தையும் மருத்துவரையும் ஒருசேரப் போற்றுகிறதேயன்றி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளவில்லை.

அசதியின் பின்னே நிற்பவை

நம் குடும்பங்களில் தீராத அசதிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணம் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இந்திய அளவில் அது 57 விழுக்காடு. பாதிக்கு மேல் என்று பொருள். ஞாயிறன்று கோவிலில் பெண்கள் பக்கம் அமர்ந்திருப்போரை மனத்திற் கொண்டு பாருங்கள். அவருள் இருவருக்கு ஒருவர்!

கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருத்தல் வேண்டும். கருவுற்றவருக்கு 11, ஆடவருக்கு 13. விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் இதைச் சொல்லிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை.

இரத்தசோகை மட்டுமன்று. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் அசதி வரும். உடல் பருக்கும், குளிர் தாங்காது, முடி கொட்டும். சர்க்கரை நோயில் தாகமும் அடிக்கடி நீர் பிரிதலும் அசதியோடு சேர்ந்து வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் சேர்ந்தால் காசநோயா என்று சளியைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கம் ஆகியனவும் உண்டு. மனத்தளர்ச்சி நோயும் பல வேளைகளில் 'அசதி' என்ற பெயரிலேயே வந்து நிற்கும். இத்தனைக்கும் ஒரே வேர் எப்படி மருந்தாகும்?

நெல்லைச் சீமையில் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், பீடி சுற்றிப் பிழைத்த ஒரு தாய் இருந்தார். மூன்று பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளாக அசதி. முதலில் தேநீரைக் கூட்டிப் பார்த்தார். பின்னர், வண்டியில் வந்து மருந்து விற்ற ஒருவரிடம் இரத்தம் ஊறும் என்ற வாக்குறுதியோடு லேகியம் வாங்கினார். பீடிக் கூலியில் ஒரு பங்கு மாதந்தோறும் அதற்கே போயிற்று. ஒருநாள் தெருக்குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 5.8. தாதி தனியே அழைத்துக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. மாதந்தோறும் பத்து நாள் உதிரப் போக்கு; அதுவும் ஆண்டுக்கணக்கில். கருப்பையில் நார்க்கட்டி.

"இதையெல்லாம் போய் யாருகிட்டச் சொல்றது சாமி?" என்றார் அத்தாய். பக்கத்தில் நின்ற கணவர் தலை குனிந்தபடி, "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. நான் ஒருநாளும் கேக்கலை சாமி" என்றார்.

இரத்தம் ஏற்றிச் சிகிச்சை செய்ததில் அவர் பிழைத்தார். அந்த லேகியத்தில் நஞ்சு இருந்தது என்று நாம் சொல்லவில்லை. இனிப்பும் சுக்கின் சூடும் இருந்திருக்கும். உண்ட சிறிது நேரம் தெம்பாகத் தோன்றியிருக்கும். அத்தெம்பே இரண்டு ஆண்டுகள் அவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது. வீட்டு மருந்தினால் வரும் பெருங்கேடு பல வேளைகளில் இதுவே. உட்கொண்டது கெடுக்காவிடினும், கடந்துபோன காலம் கெடுத்துவிடுகிறது.

கீரையும் கனியும் கிழங்கும்

அப்படியானால் மூலிகைகளுக்கு வேலையே இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. காரணம் அறிந்தபின், உடலைத் தேற்றும் பணியில் அவற்றுக்குரிய இடத்தை இனிக் காண்போம்.

முருங்கைக் கீரையை முதலில் வைப்போம். கொல்லையில் ஒரு கொம்பை ஊன்றினால் போதும். இரும்பு, சுண்ணாம்பு, புரதம், 'ஏ' உயிர்ச்சத்து ஆகிய நான்கும் அதில் உண்டு. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கீரையில் உள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. சிறு பங்கே சேரும். அச்சிறு பங்கைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் வழி இருக்கிறது. புளிப்புக் கனிகளில் உள்ள 'சி' உயிர்ச்சத்து அதைக் கூட்டும். தேநீரும் காப்பியும் குறைக்கும். எனவே கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரமாவது பொறுங்கள். மருந்துக்கு ஒரு காசு செலவில்லாத மாற்றம் இது.

நெல்லிக்காய்க்கு இவ்வகையில் இணையான கனி நம் நாட்டில் அரிது. ஆரஞ்சுப் பழத்தைவிடப் பன்மடங்கு 'சி' உயிர்ச்சத்து கொண்டது. பெருநெல்லியைப் பச்சையாகவோ துவையலாகவோ உண்பதே நன்று. சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லி வேறு. அதில் கனியைவிடச் சர்க்கரை மிகுதி.

கரிசலாங்கண்ணியில் வெள்ளைப் பூ, மஞ்சள் பூ என இரு வகை உண்டு. மஞ்சள் பூ உடையதைக் கீரையாகச் சமைத்துப் பருப்போடு உண்பர். பாண்டுக்கும் ஈரல் நோய்க்கும் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் போற்றி வரும் மூலிகை இது. உணவாக உண்பதில் தடையில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கிய ஒருவர் இதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

தூதுவளையைச் சளிக்கும் இருமலுக்கும் ரசமாகவும் துவையலாகவும் செய்து கொடுப்பது நம் வழக்கம். இலையின் முள்ளை நீக்கி நெய்யில் வதக்க வேண்டும் என்பதைப் பாட்டிமார் அறிவர். நோயிலிருந்து எழுந்து நாச்சுவை இழந்தவருக்கு உணவில் விருப்பம் வரச் செய்வதற்கு இத்தகைய காரசாரமான பத்திய உணவு உதவும். உணவு இறங்கினால் வலிமை தானே திரும்பும். சுக்குக் காப்பி உடலுக்கு இதம் தரும். ஆனால் அது களைப்பின் காரணத்தை நீக்காது. அதிலிடும் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர் மறத்தல் ஆகாது.

இனி அமுக்கரா. வடமொழியில் அசுவகந்தம் என்பர். இன்று அசதிக்கும் உறக்கமின்மைக்கும் உலகெங்கும் விற்பனையாகும் கிழங்கு இது. சித்த முறையில் இதை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, இடித்து, கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவற்றை அளவோடு கூட்டி, சர்க்கரை சேர்த்து அமுக்கராச் சூரணம் செய்வர். மனவழுத்தம் குறையவும் உறக்கம் சீர்படவும் இது ஓரளவு உதவுவதாக அண்மைக் கால ஆய்வுகள் சில கூறுகின்றன. அவை சிறிய ஆய்வுகள். சில வாரங்களே நடந்தவை. ஆண்டுக்கணக்கில் உண்டால் என்னாகும் என்பதற்கு அவை சான்றாகா. கருவுற்றோர் இதை உண்ணலாகாது. தைராய்டு மாத்திரை, உறக்க மாத்திரை உட்கொள்வோரும், ஈரல் நோய் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் தொடுதல் கூடாது. அரிதாக ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகளும் உண்டு. டென்மார்க் நாடு 2023ஆம் ஆண்டில் இதைத் தடை செய்தது. அத்தடை மிகை என்று வாதிடுவோரும் உளர். எப்படியாயினும், வலிமையுள்ள மருந்து எதுவும் விளையாட்டுப் பொருளன்று என்பது தெளிவு.

கிழங்கையும் சூரணத்தையும் தேடும் முன், அடுக்களையில் நாம் கைவிட்ட இரண்டைத் திரும்பக் கொண்டுவருவோம். ஒன்று, இரும்புச் சட்டி. புளி சேர்த்த குழம்பை அதில் வைத்தால் சட்டியின் இரும்பில் சிறிது உணவில் இறங்குகிறது. மற்றொன்று, கம்பு. தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு இரும்பு அதில் உண்டு. வாரத்தில் இரு நாள் கம்பங்கூழோ கம்பு அடையோ இருக்கட்டும். முட்டை, மீன், ஈரல் உண்ணும் வழக்கமுடைய குடும்பங்கள், அவற்றை உழைக்கும் ஆணுக்கென்று மட்டும் ஒதுக்கிவிடாமல் பெண்களுக்கும் கொடுக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

மூலிகை என்றாலே கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை ஆபத்தானது. எருக்கும் அரளியும் மூலிகைகள்தாம். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டனர். அவை நம் தெற்காசிய நாடுகளில் செய்யப்பட்டவையே. முறையாகச் செய்த மருந்துக்கும் மூலையில் இடித்த பொடிக்கும் வேறுபாடு அறிதல் வேண்டும். வாங்கும்போது உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியன சிப்பத்தின்மேல் உள்ளனவா என்று பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள். உண்ட மறுநாளே துள்ளி எழச் செய்யும் பொடியையும் ஐயத்தோடு நோக்குங்கள். இலை வேர்களோடு ஸ்டீராய்டு மாத்திரையைக் கலந்து விற்போரும் உண்டு.

நாட்டு மருந்தையே விரும்புவோருக்கு நல்ல வழி இருக்கிறது. நம் மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் யாவரும் அறிந்தவை. அங்கு இருப்போர் பட்டம் பெற்ற மருத்துவர்கள். இரத்தச் சோதனையும் செய்யச் சொல்வார்கள், சூரணமும் தருவார்கள். நீங்கள் உண்ணும் ஆங்கில மருந்துகளை அவர்களிடமும், மூலிகை மருந்துகளை ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரையைப் பற்றி ஒரு சொல். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பலர் இரண்டே நாளில் அதைக் குப்பையில் போடுகின்றனர். மலம் கறுப்பது அம்மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. வயிறு புரட்டினால் உணவுக்குப் பின், இரவில் உட்கொள்ளலாம். பாலோடும் தேநீரோடும் வேண்டாம். எலுமிச்சை நீரோடு நன்று. ஹீமோகுளோபின் ஏறிய பின்னும் உடலின் சேமிப்பு நிறையச் சில மாதங்கள் தொடர வேண்டும். குடற்புழு இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். இல்லையேல் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிய கதைதான்.

மாத்திரை உண்ணாமலே மலம் கறுத்தல், மார்பு வலி, படுத்தாலும் மூச்சுத் திணறல், கால் வீக்கம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று அசதியோடு சேர்ந்தால் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சோதனையில் ஒன்றும் தெரியாதபோது

எல்லாச் சோதனையும் செய்தபின் "ஒன்றுமில்லை" என்று காகிதம் சொன்னாலும் களைப்பு நீங்காத சிலர் உண்டு. ஆறு மாதத்துக்கு மேலும் ஓய்வினால் தீராமல், சிறிது உழைத்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும் இந்நிலையை நாட்பட்ட களைப்பு நோய் என்று மருத்துவ உலகம் 1988 முதல் பெயரிட்டு ஆராய்ந்து வருகிறது. 2019 இறுதியில் தொடங்கிய கொரோனாத் தொற்றுக்குப் பின் இத்தகையோரை மிகுதியாகக் காண்கிறோம். இதைக் குணமாக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து, மூலிகையாயினும் மாத்திரையாயினும், இன்றுவரை இல்லை. உடல் தாங்கும் அளவுக்குள் வேலையைப் பகுத்துச் செய்வதும், நல்ல உறக்கமுமே இப்போதைக்கு வழி. 2021இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிச் செய்யவைக்கும் பழைய முறையைக் கைவிட்டது. இத்தகையோரைச் 'சோம்பேறி' என்று அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. அச்சொல் நோயாளியை நோயைவிட மிகுதியாகத் தாக்கும்.

வீட்டார் கடமை

இறுதியாக, எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். நம் வீடுகளில் தாய் கடைசியில் உண்கிறாள். கீரைப் பாத்திரத்தின் அடியில் இருக்கும் நீரும், மீன் குழம்பில் மிஞ்சிய சாறும் அவள் பங்கு. முதலில் எழுபவளும் கடைசியில் படுப்பவளும் அவளே. இவ்வேற்பாடு அப்படியே இருக்க, அவளுக்கு மூலிகைச் சூரணம் வாங்கித் தருவது அன்பாகத் தோன்றலாம். உண்மையில் நம் கடமையை ஒரு டப்பாவிடம் ஒப்படைப்பதாகும். நோன்பு நாள்களை முன்னிட்டு உணவைக் குறைக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல்: நோயுற்றோரையும் கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் திருச்சபை நோன்புக்குக் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆகவே கணவன்மாரே, பிள்ளைகளே, இம்மாதம் மூன்று காரியங்கள் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெண்கள் அனைவரையும், வளர்ந்துவரும் பெண்பிள்ளைகள் உட்பட, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் பார்த்து வாருங்கள். கிடைத்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவு உணவை எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்து உண்ணுங்கள். அசதி என்று ஒருவர் சொன்னால் மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன், "எப்போதிருந்து? வேறென்ன செய்கிறது?" என்று கேளுங்கள். தாய்மார்களே, கேட்கும்போது கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அதன்பின் கொல்லையில் முருங்கைக் கொம்பை ஊன்றுங்கள். அடுத்த மழைக்குள் அது தழைத்துவிடும்.